விளையாட்டின்போது ஏற்பட்ட காயம்

ஓய்வூதிய அலுவலகத்தில் காயம்பட்டவர்களுக்கான பிரிவு இரண்டாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கதவில் ‘பழுது’ என்று ஓர் அட்டை தொங்கியது. அந்த அட்டையே பழசாகி ஓரம் சுருண்டிருந்தது. பாலக்காரர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, இடது காலை ஒவ்வொரு படியாக இழுத்து வைத்து ஏறினார். பின்னால் அவர் மனைவி ஃபைலை மார்போடு அணைத்தபடி வந்தாள்.

“இந்தப் பிரிவைக் கீழ வெச்சா இவங்க குடியா முழுகிடும்?”

“சத்தமாப் பேசாத. மேல கேக்கும்.”

“கேக்கட்டும்னுதான் பேசறேன்.”

பாலக்காரர் என்றால் பால் ஊற்றுகிறவர் இல்லை. ராணுவத்தில் ஆற்றுக்குக் குறுக்கே இரும்புப் பாலம் பூட்டுகிற படைப்பிரிவில் இருபத்துநான்கு வருடம் இருந்தவர். கூட இருந்தவர்கள் வைத்த பெயர் ஓய்வுபெற்ற பிறகும் வாலைப் பிடித்துக்கொண்டே வீடுவரை வந்துவிட்டது. எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருநாள் காலையில் பாத்திரத்தை நீட்டி, “அரை லிட்டர் போதுங்க” என்று நின்றதிலிருந்து, அந்தப் பெயரைக் கேட்டாலே மனைவிக்கு எரிச்சல்.

இன்றைய எரிச்சல் வேறு. அவள் தபால் நிலையக் கவுண்டரில் வேலை பார்ப்பவள். படிவங்கள் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஊரார் தப்புத்தப்பாக நிரப்பிக்கொண்டு வருவதை ஒரே பார்வையில் பிடித்துத் திருப்பிக் கொடுப்பவள். அவளே நிரப்பிய படிவம் மூன்று முறை திரும்பி வந்திருந்தது. புகைப்படத்தில் காது தெரியவில்லை என்று ஒருமுறை. நீல மையில் எழுதியதற்கு ஒருமுறை. மூன்றாவது முறை காரணம்கூடச் சொல்லாமல், ‘மீண்டும் சமர்ப்பிக்கவும்’ என்று முத்திரை மட்டும் குத்தி அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நாள் லீவு போயிருந்தது.

சாதாரண ஓய்வூதியம் மாதாமாதம் வந்துகொண்டுதான் இருந்தது. பணியில் அடிபட்டவர்களுக்கு அதற்கு மேல் கூடுதல் இழப்பீடு உண்டு. பாலக்காரர் ஓய்வுபெற்ற பதினோரு வருடமாக அதைக் கேட்கவே இல்லை. மனைவி பேச்செடுத்தால், “பாத்துக்கலாம்” என்று நழுவிவிடுவார். போன வருடம் இடுப்பு மூட்டு முழுக்கத் தேய்ந்துவிட்டது, மாற்று மூட்டு வைக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கே அவள் அவரைக் கேட்காமல் படிவம் வாங்கி வந்துவிட்டாள்.

கவுண்டரில் இருந்த குமாஸ்தாவுக்குக் கடுமையான ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே பேசினார்.

“உங்க பழைய மருத்துவப் பதிவு வந்திருச்சுங்க. அதுல ஒரு சிக்கல் இருக்கு.”

“என்ன சிக்கல்?” என்று மனைவிதான் கேட்டாள்.

“இந்த இழப்பீடு பணியில பட்ட அடிக்குத்தான்மா. சாருக்கு அடிபட்டது விளையாடும்போது.”

“விளையாடும்போதா?”

குமாஸ்தா தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். மங்கிய தட்டச்சு எழுத்துகள். ‘இடது தொடை எலும்பு முறிவு, இடுப்பு மூட்டு நொறுங்கியுள்ளது. விளையாட்டின்போது ஏற்பட்ட காயம் (வாலிபால்).’ அடியில் பாலக்காரரின் கையெழுத்து. கொஞ்சம் கோணியிருந்தாலும் அவருடையதுதான்.

“வேற யாரோடதாவது மாறி வந்திருக்கும்” என்று சொல்லிவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். பாலக்காரர் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவியை உபயோகிக்கும் முறையை வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

பஸ்ஸில் அவள் வாயே திறக்கவில்லை. கண்டக்டர் சில்லறை குறைத்துக் கொடுத்ததைக்கூடக் கேட்கவில்லை. அதைப் பார்த்ததும் பாலக்காரர் ஜன்னலோரம் ஒதுங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் ஃபைலை மேசைமேல் போட்டாள்.

“உங்களுக்கு வாலிபால் ஆடத் தெரியுமா?”

“தெரியாது.”

“அதான் உங்க அக்கா உங்களை ‘விளையாட்டு வீரரே’ன்னு கூப்பிடறாங்களா? நான் ஏதோ சோம்பேறின்னு கிண்டல் பண்றாங்கன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். பாலத்துல அடிபட்டதுன்னு எங்கிட்ட சொன்னது பொய்யா?”

“அது உண்மை. இதுதான் பொய்.”

பிறகு சொன்னார். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், நல்ல மழைக்காலம். வெள்ளத்தில் ஒரு பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மதியத்துக்குள் இரும்புப் பாலம் பூட்டியாக வேண்டும். இரும்புச் சட்டங்களை ஏற்றிவந்த லாரியை ஓட்டியவன் இருபத்தொரு வயதுப் பையன். மாற்று ஆள் இல்லாமல் முப்பது மணி நேரமாக ஓட்டிக்கொண்டிருந்தான். விடிந்த நேரம். பாலக்காரர் பின்னால் நின்று கையைக் காட்டி லாரியைப் பின்னுக்கு வரவைத்துக்கொண்டிருந்தார். நிறுத்து என்று இரண்டு கையையும் தூக்கினார். லாரி நிற்கவில்லை. ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்த சட்டங்களில் மோதியது. ஆறு பேர் சேர்ந்து தூக்குகிற சட்டம் ஒன்று சரிந்து அவரைச் சேற்றோடு சேற்றாக அழுத்தியது.

“தூங்கிட்டான். ஸ்டியரிங்கைப் பிடிச்சபடியே தூங்கிட்டான்” என்றார் பாலக்காரர். “மூணாம் நாள் அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. லாரி விபத்துன்னு எழுதினா விசாரணை வரும், அவனை ஜெயில்ல போட்டு வேலையை விட்டே தூக்கிருவாங்கன்னாரு. அவன் பொண்டாட்டிக்கு நிறைமாசம். என் கால்மாட்டுல நின்னு அழுதுக்கிட்டிருந்தான். விளையாட்டுன்னு போட்டா யாருக்கும் சேதாரமில்லன்னு அதிகாரி சொன்னாரு.”

“யாருக்கும் சேதாரமில்லையா? அப்போ கட்டில்ல கிடந்தது யாரு? முப்பது மணி நேரம் ஓட்டச் சொன்னது யாரு, அதே அதிகாரிதானே?”

“ஆமா.”

“அவர் தப்பிக்கறதுக்கு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“அந்தப் பையனுக்காகப் போட்டேன்.”

“நீங்க மகானா முட்டாளான்னு எனக்கு இப்பத் தெரியல. எதுவா இருந்தாலும் கட்டின பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் கவுண்டர்ல வர்றவங்ககிட்டயெல்லாம் இந்த ஆபீஸை வண்டிவண்டியாத் திட்டிக்கிட்டிருக்கேன்!”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே அவரைக் கிளப்பினாள். அந்த ஓட்டுநரும் இப்போது ஓய்வுபெற்று, நகரத்தின் மறுகோடியில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தான். ஒரு சின்ன அறை, சுவர் நிறையச் சாலைக் குறியீடுகள், வாசலில் கற்றுக்கொடுப்பவருக்கும் தனி பிரேக் வைத்த ஒரு கார். அவர்கள் போனபோது ஒரு நடுவயதுப் பெண்ணுக்கு வண்டியைப் பின்னுக்கு எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

“கண்ணாடியை மட்டும் நம்பாதீங்க மேடம், திரும்பிப் பாருங்க!” என்று கத்தியவன் திரும்பியபோது பாலக்காரரைக் கண்டான். “அண்ணே!” என்று ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். அண்ணிக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டான். நடந்ததை நடந்தபடி எழுதி ஒரு கையெழுத்து வேண்டும் என்று கேட்டதும், துடைத்த துணி கையிலேயே நின்றுவிட்டது.

“அண்ணே, வேற என்ன வேணும்னாலும் கேளுங்க. ஆபரேஷனுக்கு வந்து ராப்பகலா உங்ககூட இருக்கேன். ரத்தம் குடுக்கறேன். இதை மட்டும் கேக்காதீங்க. என் ஓய்வூதியத்தை நிறுத்திட்டா என்ன பண்றது? தூங்கி ஒருத்தரை இடிச்சவன்கிட்ட வண்டி கத்துக்க எவன் வருவான்?”

“இவரு கால் போனப்ப உங்க வேலை போகக் கூடாதுன்னு பாத்தாரு” என்றாள் மனைவி. “இப்ப உங்க கார் நிக்கக் கூடாதுன்னும் இவரே பாக்கணுமா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். வாசலில் அந்தப் பெண் ஹாரனை அடித்தாள்.

“விடு, போகலாம்” என்று பாலக்காரர் எழுந்தார்.

“நீங்க எல்லாத்தையும் விட்டுக்கிட்டே இருங்க” என்று அவர்மேலும் பாய்ந்தாள். பயிற்சிக் கார் இடித்துவிடாதபடி அவரைத் தோளில் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

இரண்டு நாள் கழித்து, மதிய இடைவேளையில் அவள் மட்டும் ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போனாள். குமாஸ்தாவின் ஜலதோஷம் குறைந்திருந்தது. மனிதரும் கொஞ்சம் இளகியிருந்தார்.

“ஏம்மா இவ்வளவு அலையறீங்க? விளையாட்டுன்னே இருந்துட்டுப் போகட்டும். படைப்பிரிவு உத்தரவு போட்டு நடத்தின விளையாட்டுன்னா அதுவும் பணிதான். சட்டத்துலயே இருக்கு. ‘உத்தரவுப்படி ஆடினேன்’னு ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்.”

மனைவி அவரையே பார்த்தாள். “இதை முதல் நாளே சொல்லக் கூடாதா?”

“நீங்க கேக்கலியேம்மா.”

பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் கோபம் கரைந்து மனசு லேசானது. யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டாம், யாரிடமும் கெஞ்ச வேண்டாம். ஒரே ஒரு வரி. பையை வைக்கும் முன்னாலேயே அவரிடம் சொன்னாள்.

“முடியாது” என்றார் பாலக்காரர்.

காதில் சரியாக விழவில்லையோ என்று அவளுக்குச் சந்தேகம். “என்னது?”

“அந்த வரியில இன்னொரு தடவை நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்து இடது காலை இரண்டு கையாலும் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டார்.

“அடிபட்டதும் எங்கப்பாவுக்கு லெட்டர் போச்சு. அதுலயும் வாலிபால்னுதான் போட்டிருந்தாங்க. அவரு சாகிற வரைக்கும் அதைத்தான் நம்பினாரு. கடைத்தெருவுல யாராவது விசாரிச்சா, ‘எல்லைக்கு அனுப்பி வெச்சேன், பந்து விளையாடி காலை ஒடச்சிக்கிட்டான்’னு சொல்வாராம். ஆஸ்பத்திரிக்கு என்னைப் பாக்க வரவே இல்ல. ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். அவர்கிட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சிடும், பையன் மாட்டிக்குவான்னு பயந்து சொல்லல. மறுவருஷம் போய்ச் சேந்துட்டாரு.”

இருபத்துநான்கு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு இது புதிது. மாமனார் படத்தை அவள் பார்த்திருக்கிறாள். கண்டிப்பான முகம். அவ்வளவுதான் தெரியும். ஆனாலும் அவளால் பொறுக்க முடியவில்லை.

“பொய்யால நஷ்டம் வந்தப்பெல்லாம் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க. அதே பொய்யால லாபம் வர்ற நேரம் பாத்து உண்மை பேசக் கிளம்பறீங்க. உங்களை மாதிரி ஒரு மனுஷனை நான் எந்தக் கவுண்டர்லயும் பாத்ததில்லை.”

சொல்லிவிட்டுக் கறுப்பு மைப் பேனாவை எடுத்து வந்தாள். நடந்ததை அவர் சொல்லச் சொல்ல, வரி பிசகாமல் அவளே எழுதினாள்.

மருத்துவக் குழு முன்னால் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. நீளமான அறை, நீளமான மேசை, மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்த தலைவர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய அம்மாள். அவர் முன்னால் பழைய எக்ஸ்ரே படங்கள் இருந்தன. மனைவியைச் சுவரோரம் உட்கார அனுமதித்தார்கள். பாலக்காரர் எழுதிக்கொடுத்ததையே வாயாலும் சொன்னார்.

தலைவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அன்னைக்கு வாலிபால்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இன்னைக்கு லாரிங்கறீங்க. நீங்க பொய் சொன்னது அன்னைக்கா, இன்னைக்கா?” என்றார்.

“அன்னைக்குதான் மேடம்.”

“சாட்சி?”

“இல்லை.”

அப்போது கதவைத் திறந்து பணியாள் எட்டிப் பார்த்தார். இந்த வழக்குக்குச் சாட்சி என்று ஒருவர் வெளியே நிற்பதாகச் சொன்னார். தலைவர் வரச்சொன்னார்.

ஓட்டுநர் உள்ளே வந்தான். கஞ்சி போட்ட சட்டை, பதக்கங்கள் வரிசையாக. பாலக்காரர் பக்கமோ அண்ணி பக்கமோ பார்க்காமல் விறைத்து நின்று சல்யூட் அடித்தான். வந்துவிட்டானே என்று மனைவி நினைத்தாள்.

“மேடம், அந்த வாலிபால் மேட்சை நடத்தினதே நான்தான்” என்றான் ஓட்டுநர்.

மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

அவன் நிறுத்தவில்லை. படைப்பிரிவு உத்தரவின்படி கட்டாயம் நடந்த ஆட்டம் என்றான். மூன்றாவது செட் என்றான். பன்னிரண்டுக்கு ஒன்பது என்று இவர்கள் அணி முன்னால் இருந்தபோது, அண்ணன் வலைக்குப் பக்கத்தில் எகிறி ஒரு பந்தை அடித்துக் கீழே விழுந்தார், அதை என் இரண்டு கண்ணால் பார்த்தேன் என்றான்.

“தம்பி…” என்றார் பாலக்காரர்.

“நீங்க பேசாதீங்க” என்றார் தலைவர். ஒரு எக்ஸ்ரே படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். “அந்தப் பந்து எத்தனை கிலோ இருந்துச்சு?”

“மேடம்?”

“இந்த இடுப்பு எலும்பு நசுங்கியிருக்கு. எகிறிக் குதிச்சு விழுந்தா இப்படி நசுங்காது. பெரிய பாரம் ஏதோ மேல விழுந்திருக்கணும். அதான் கேக்கறேன், பந்து எத்தனை கிலோ?”

ஓட்டுநர் முதல்முறையாகப் பாலக்காரரைத் திரும்பிப் பார்த்தான்.

“நான் சொல்லிட்டேன்டா” என்றார் அவர்.

“எதை அண்ணே?”

“எல்லாத்தையும்.”

அவன் முகம் வெளிறிப்போயிற்று. “குழு கூடற தேதியை ஆபீஸ்ல விசாரிச்சுக்கிட்டு, வக்கீல் ஒருத்தர்கிட்டயும் கேட்டேண்ணே. உத்தரவு போட்ட விளையாட்டுன்னா உங்களுக்குக் கிடைச்சிரும்னாரு. எனக்கும் பாதகமில்லைன்னாரு. மூணு நாளா உக்காந்து ஆட்ட விதியெல்லாம் மனப்பாடம் பண்ணேன்.” விறைப்பாக நின்ற தோள் இரண்டும் தொங்கிவிட்டன. மேசையைப் பார்த்துத் திரும்பினான்.

“தூங்கிட்டேன் மேடம். முப்பது மணி நேரமா ஓட்டிக்கிட்டிருந்தேன். தூங்கினதே எனக்குத் தெரியாது. ஒரு சத்தம் கேட்டு முழிச்சேன். அது இவரு போட்ட சத்தம்.”

ஓரத்தில் இருந்த இளம் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். தலைவர் மட்டும் நிதானமாக எழுதிக்கொண்டே, “இதை எழுத்துமூலம் தர்றீங்களா?” என்று கேட்டார்.

“தர்றேன் மேடம்.”

வெளியே தாழ்வாரத்தில் மூன்று பேரும் நின்றார்கள். பாலக்காரர் அவன் தோளில் கையை வைத்தார்.

“ஒருத்தர் உண்மையை மறைக்கறதுக்கு இருபத்தாறு வருஷம். இன்னொருத்தர் பொய்யை மனப்பாடம் பண்றதுக்கு மூணு நாள்” என்றாள் மனைவி. “வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணக் கூடாதா? உங்க ரெண்டு பேரையும் வெச்சிக்கிட்டு நான் எந்தச் சுவத்துல போய் முட்டிக்கறது?”

ஏழு வாரம் கழித்து உத்தரவு வந்தது. கூடுதல் இழப்பீடு உண்டு. ஆனால் விண்ணப்பித்த நாளிலிருந்துதான். ஓய்வுபெற்ற நாளிலிருந்து கணக்கிட முடியாது, தாமதம் விண்ணப்பதாரருடையது என்று இருந்தது. மனைவி உடனே மேல்முறையீட்டுப் படிவம் எந்த அறையில் கிடைக்கும் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். பாலக்காரர் வேறொரு வரியில் நின்றுவிட்டார். ‘பாலம் அமைக்கும் பணியின்போது, இரும்புச் சட்டம் விழுந்து ஏற்பட்ட காயம்.’ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார். பிறகு போனை எடுத்து, தூரத்தில் இருக்கும் அக்காவைக் கூப்பிட்டு, முழுக்கதையையும் சொன்னார்.

அக்கா, “பாவி. அப்பா இருக்கும்போது சொல்லியிருக்கக் கூடாதா?” என்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. “எனக்கு அப்பவே சந்தேகம்டா. உனக்கு ஒழுங்கா ஓடவே வராது, எவன் உன்னை டீம்ல சேத்திருப்பான்?”

பாலக்காரர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த வாரத்தில் ஓட்டுநர் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு கடிதம். லாரி விபத்து குறித்தும், இத்தனை ஆண்டுகள் தெரிவிக்காதது குறித்தும் பதினைந்து நாளைக்குள் விளக்கம் தரும்படி கேட்டிருந்தார்கள். முப்பது மணி நேரம் ஓட்டச் சொன்ன அதிகாரியைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

மனைவி அதை இரண்டு தடவை படித்தாள்.

“அவரு உயிரோட இருக்காரா?”

“இருக்காரு அண்ணி. பெரிய பதவியில ஓய்வு வாங்கினாரு. நல்லாத்தான் இருக்காரு.”

“அவர் பேரு, அன்னைக்கு அவர் வகிச்ச பதவி, உங்களை எத்தனை மணிக்கு வண்டியில ஏத்தினாரு, எல்லாம் ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. ஆனா அவரைப் போய் எப்படி அண்ணி…”

“அவரைத்தான் முதல் பாராவுல எழுதணும்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். “உக்காருங்க. ஒரு வரி பொய் வந்தாலும் பேனாவைக் கீழ வெச்சிடுவேன், சொல்லிட்டேன். ஏங்க, நீங்களும் இப்படி வந்து உக்காருங்க. இவருக்கு மறந்து போனதெல்லாம் உங்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும்.”

பாலக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கறுப்பு மை தீர்ந்துபோயிருந்தது. மனைவி அலுத்துக்கொண்டே புதுப் பேனா வாங்கக் கடைக்குக் கிளம்பினாள்.